பதினோரு நிமிடத்துக்குப் பூஜ்யம்

1. மார்க் தாள்

ரஹீமா டீச்சருக்கு நான் நூற்றுக்கு முப்பத்தொன்று போட்டேன். முதலில் அதை ஒப்புக்கொண்டுவிட்டால் மற்றதை எழுதுவது எளிது.

இருபத்தெட்டு வருடம் பள்ளி ஆய்வாளராக இருந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் இரண்டு இளைஞர்கள் அண்மையில் என்னைப் பார்க்க வந்து, "சார், ஒரு கிளாஸ் நல்லா நடக்குதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்று கேட்டார்கள். என் காலத்தில் அதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. உள்ளே நுழைந்ததும் தலைகளை எண்ணி அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரோடு ஒப்பிட வேண்டும். பாடக்குறிப்பு நோட்டில் அன்றைய தேதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவனை எழுப்பி ஒரு கேள்வி. பிறகு கரும்பலகை. சாக்பீஸ் முழுசாக இருந்தால் டீச்சர் நம் தலையைப் பார்த்த பிறகுதான் எழுத ஆரம்பித்திருக்கிறார் என்று அர்த்தம். இருபது நிமிடத்தில் ரிமார்க்ஸ் எழுதிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விடுவேன். நான் வருகிறேன் என்று தெரிந்தால் பள்ளிகளில் ஒட்டடை அடிப்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தபோது, தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு திருநெல்வேலிக்காரர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் அழைப்பார்கள். அவருடைய தங்கை மகன் ஏழு வயதாகியும் பேசவில்லை. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தச் சொல்லை நான் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களை யாரும் கண்டுகொள்வதில்லை என்பது அண்ணாச்சியின் ஆதங்கம். வருடத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து விருது கொடுக்க வேண்டும் என்றார்.

"சார்வாள், மார்க் போடுததுல நீங்க மகா கஞ்சன்னு ஊர்ல சொல்லுதாங்க. எனக்கு அந்த மாதிரி ஆளுதான் வேணும். வாரி வழங்குதவன் போட்டா விருதுக்கு என்ன மரியாதை?"

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். குழுவில் என்னோடு இன்னும் இரண்டு பேர். மார்க் தாள் தயாரிக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். துறையில் நாங்கள் பயன்படுத்திய தாளை எடுத்துத் தலைப்பை மட்டும் மாற்றி டைப் அடித்தேன். கரும்பலகைக்குப் பத்து, வகுப்பு ஒழுங்குக்கு இருபது, மாணவர் பதிலுக்கு இருபது, ஆசிரியரின் முயற்சிக்கு முப்பது, இப்படிப் போகும். அது சாதாரணப் பள்ளிக்காகச் செய்த தாள். அதில் ஒரு வரியைக்கூட நான் மாற்றவில்லை.

2. தேன்குழல்

ரஹீமா டீச்சரின் பள்ளி மந்தைவெளியில் ஒரு வீட்டு மாடியில் இருந்தது. முன்பு அங்கே பரதநாட்டிய வகுப்பு நடந்ததாம். நான் சொல்லாமல் கொள்ளாமல்தான் போனேன். சர்ப்ரைஸ் விசிட் என்பது எங்கள் தொழிலில் ஒரு பெருமை.

உள்ளே ஏழெட்டுக் குழந்தைகள். யாரும் எழுந்து குட்மார்னிங் சொல்லவில்லை. கரும்பலகை கிடையாது. ஒருவன் பஸ் டிக்கெட்டுகளைச் சுவரோரமாக வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். ஜன்னலுக்குப் பக்கத்தில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் ரஹீமா டீச்சர், திருவல்லிக்கேணிக்காரர். அவருக்கு எதிரே கமலி என்ற ஆறு வயதுச் சிறுமி. இருவருக்கும் நடுவில் ஒரு முக்காலி. அதன்மேல் மூடி இறுக்கிய கண்ணாடி பாட்டில், அதற்குள் நாலைந்து தேன்குழல். பாட்டிலுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஓர் அட்டை கிடந்தது. அதில் என்ன படம் என்று நான் கவனிக்கவில்லை.

டீச்சர் என்னைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. ஒரு விரலை மட்டும் உயர்த்தி, "கொஞ்சம் இருங்க" என்பதுபோல் காட்டிவிட்டுக் குழந்தையிடம் திரும்பிவிட்டார். என் பணிக்காலத்தில் என்னை ஒரு விரலால் நிறுத்தியவர் அவர் ஒருவர்தான்.

கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். டீச்சர் ஒரு கையை விரித்து மடியில் வைத்திருந்தார். பேசவில்லை, சொல்லிக் கொடுக்கவில்லை, அசையவில்லை. கமலி பாட்டிலைத் தட்டினாள். உருட்டினாள். மூடியைக் கடித்துப் பார்த்தாள். முனகினாள். பிறகு தன் மணிக்கட்டையே கடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். டீச்சர் அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டு மறுபடியும் அப்படியே உட்கார்ந்தார். பத்து நிமிடம் ஆகிவிட்டது. கமலியின் கை முக்காலிமேல் எதையோ துழாவியது.

நான் மூன்று பிள்ளைகளைப் பெற்றவன். பொறுக்க முடியவில்லை. நேராகப் போனேன், பாட்டிலைத் திறந்தேன், ஒரு தேன்குழலை எடுத்துக் குழந்தையின் கையில் கொடுத்தேன். அழுகை அந்த நொடியே நின்றது. வெற்றியோடு நிமிர்ந்தேன்.

டீச்சர் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். "பரவால்ல சார்" என்றார்.

மூலையில் பெருக்கிக்கொண்டிருந்த மங்கம்மா ஆயாவுக்கு அது பரவாயில்லாமல் இல்லை. துடைப்பத்தோடு வந்து என் எதிரே நின்றாள். "இன்னா சார் நீ! மூணு மாசமா டீச்சரு இதுக்குத்தான் லோல்பட்டுக்கினு கீது. ஒரு செகண்ட்ல கவுத்துட்டியே!"

"இந்தம்மா யாரு?" என்று டீச்சரிடம் கேட்டேன்.

"எங்க ஆயா சார். தப்பா எடுத்துக்காதீங்க. கமலி கேக்கணும் சார். அதுக்குத்தான் உக்காந்திருந்தேன். கேட்டா அடுத்த நிமிஷம் குடுத்துருவேன்."

"பேசாத குழந்தை எப்படிம்மா கேக்கும்? பசிக்கிற குழந்தை முன்னாடி பண்டத்தை வெச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கறது என்ன பாடம்? பாடக்குறிப்பு நோட்டு எங்கே?"

அவர் அந்த அட்டையைக் கையில் எடுத்து ஏதோ விளக்கினார். நான் பாதிதான் கேட்டேன். மீதி நேரம் தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். 'ஆசிரியை பதினோரு நிமிடம் கற்பித்தல் ஏதுமின்றி வெறுமனே அமர்ந்திருந்தார். குழந்தை அழுதும் உணவு தரவில்லை.' ஆசிரியரின் முயற்சி என்ற கட்டத்தில், முப்பதுக்குப் பூஜ்யம்.

அந்த வருட விருது அடையாறில் ஒரு டீச்சருக்குப் போனது. அவருடைய குழந்தைகள் வரிசையாக நின்று எண்களைச் சொன்னார்கள். அவரும் நல்ல ஆசிரியைதான். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

3. நன்றி சொல்ல வந்தவர்

எங்கள் வழக்கப்படி ரிமார்க்ஸின் ஒரு பிரதி பள்ளிக்குப் போகும். பெரும்பாலான பள்ளிகளில் அதை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். ரஹீமா டீச்சர் பெற்றோர் கூட்டத்தில் தானே எழுந்து அதை முழுவதும் வாசித்துக் காட்டியிருக்கிறார்.

இது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கமலியின் அப்பா சேஷாத்ரி என் வீட்டுக்கு வந்தார். மயிலாப்பூரில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார். வங்கி அதிகாரி. கூடவே மனைவி வசந்தாவும் வந்திருந்தார்.

"உங்களுக்கு நமஸ்காரம் பண்ணிட்டுப் போலாம்னு வந்தேன் சார்" என்றார் சேஷாத்ரி. "ஆத்துல எங்கம்மா ரெண்டு வருஷமா இதையேதான் சொல்லிண்டிருக்கா. அந்த டீச்சர் ஒண்ணும் பண்ணாம உக்காந்துண்டிருக்கான்னு. நான்தான் காதுல போட்டுக்கலை. நீங்க எழுதினதைக் கேட்டதும் தெளிஞ்சுடுத்து. இந்த மாசத்தோட நிறுத்திடப் போறேன். ஆத்துலயே இருக்கட்டும். யாரும் பட்டினி போடமாட்டா."

என் ஒரு வரி ஒரு வீட்டில் முடிவையே மாற்றியிருக்கிறது என்று எனக்கு உள்ளூரப் பெருமை. மனைவியைக் கூப்பிட்டுக் காபி கொண்டுவரச் சொன்னேன்.

வசந்தா காபியைத் தொடவில்லை. "சார், நான் ஒண்ணு கேக்கலாமா? போன வருஷம் வரைக்கும் கமலின்னு கூப்பிட்டா திரும்பமாட்டா. சுவர்கிட்ட பேசற மாதிரி இருக்கும். இப்போ திரும்பறா. அது யார் பண்ணினது?"

"வசந்தா!" என்றார் சேஷாத்ரி.

"இருங்கோன்னா. சார், நீங்க அங்க எத்தனை நேரம் இருந்தேள்?"

"இருபது நிமிஷம்."

"எங்காத்துக்கு வேலைக்காரி வெக்கறதுக்கு நான் ஒரு வாரம் பாப்பேன் சார்."

கேலியாகச் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னார்.

"இன்னொரு தடவை போய்ப் பாருங்கோ. இருந்து பாருங்கோ. அப்பறமும் இப்படியேதான் சொல்வேள்னா, நானே அவளை நிறுத்திடறேன்."

சேஷாத்ரி பெருமூச்சு விட்டார். "சரி, சாரே சொல்லட்டும். மாசக் கடைசி வரைக்கும் டயம்."

ஆக, கமலி அந்தப் பள்ளியில் இருப்பாளா மாட்டாளா என்பது என் தலையில் வந்து உட்கார்ந்தது. மாதம் முடியப் பத்து நாள் இருந்தது.

4. சின்ன நாற்காலி

ஆறு நாள் கேஷுவல் லீவ் போட்டேன். என் பணிக்காலத்தில் நான் எடுத்த உருப்படியான லீவ் அதுதான்.

மாடிப்படியில் மங்கம்மா ஆயா என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "இன்னா, மறுக்கா வந்துட்டியா? கையப் பின்னால கட்டிக்கினு உக்காரு சார். எதுனா தொட்டே, அப்பால நான் இன்னா செய்வேன்னு எனக்கே தெரியாது." குழந்தைகளுக்கான ஒரு சின்ன நாற்காலியைக் காட்டினாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்தேன். முழங்கால் மோவாய்க்குப் பக்கத்தில் இருந்தது.

ரஹீமா டீச்சர் என்னைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. "பாடக்குறிப்பு பாக்கணும்னு அன்னைக்குக் கேட்டீங்களே சார்" என்று ஒரு நீள நோட்டைக் கொடுத்தார். அதில் பாடம் இல்லை. நிமிடங்கள் இருந்தன. 'கமலி. மூன்று நிமிடம்: அழுகை. ஏழு: என் கையைப் பார்த்தாள்.' இப்படியே பக்கம் பக்கமாக, மூன்று மாதத்துக்கு. தேன்குழல் படம் போட்ட அட்டையை எடுத்து டீச்சரின் கையில் வைத்தால் தேன்குழல் கிடைக்கும். ஒருவரிடம் கேட்டால் கிடைக்கும் என்பதை அவள் முதல்முறையாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அதுதான் பாடம்.

நான் வந்துபோன தேதியைத் தேடினேன். 'எட்டு: அட்டையைத் தொட்டாள். பத்து: அட்டையை முதல்முறையாகக் கையில் எடுக்கப் போனாள். பதினொன்று: விருந்தினர் கொடுத்துவிட்டார்.'

என் பெயர் இல்லை. பதவி இல்லை. விருந்தினர்.

அதற்கடுத்த நாட்களில் ஒரே வரிதான் திரும்பத் திரும்ப இருந்தது. 'அட்டையைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்க்கிறாள்.'

புரிகிறதா? கேட்காமலே கொடுக்கிற ஓர் ஆள் வாசல் வழியாக வருவான் என்று நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். மூன்று மாதத்தில் டீச்சர் செய்ய முடியாததை நான் ஒரே நிமிடத்தில் செய்திருக்கிறேன், தலைகீழாக.

நோட்டை மூடும்போது கமலி என்னிடம் வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். இருபத்தெட்டு வருடத்தில் எந்த வகுப்பிலும் எந்தக் குழந்தையும் என் கையைப் பிடித்ததில்லை. எனக்குச் சட்டென்று மனம் இளகிவிட்டது. "பாருங்கம்மா, என்னைக் கூப்பிடுறா!" என்றேன்.

"உங்களைக் கூப்பிடல சார்" என்று சிரித்தார் டீச்சர். "உங்க கையைத்தான்."

உண்மைதான். என் கையை இழுத்துப் பாட்டில் மூடிமேல் வைத்தாள். என் முகத்தை அவள் பார்க்கவேயில்லை. டப்பா திறக்கும் கருவியாக நான் வேலைக்கு வந்திருந்தேன்.

"நீங்க வந்ததும் நல்லதுதான் சார்" என்றார் டீச்சர். "அவ உங்ககிட்டதான் எதிர்பாக்கறா. உங்ககிட்டயே கேக்கட்டும். எடம் மாறி உக்காருங்க."

அப்படித்தான் நான் ரஹீமா டீச்சரின் இடத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஒரு கையை விரித்து மடியில் வைத்தேன். பேசக் கூடாது, தலையாட்டக் கூடாது, அட்டையைக் கண்ணால் காட்டக் கூடாது, முகத்தில் கோபமும் தெரியக் கூடாது, பரிதாபமும் தெரியக் கூடாது. அவள் கை அட்டையில் பட்டால் உடனே கவனிக்க வேண்டும். மணிக்கட்டைக் கடித்தால் விலக்க வேண்டும். 'வெறுமனே அமர்ந்திருந்தார்' என்று நான் எழுதியது இதைத்தான். இரண்டாவது நிமிடத்தில் வியர்த்தது. நான்காவது நிமிடத்தில் என் கண் தானாக அட்டைக்குப் போனது.

"சார் காப்பியடிக்க உடுறாரு டீச்சர்!" என்று ஆயா மூலையிலிருந்து கத்தினாள்.

முதல் நாள் ஏழு நிமிடத்தில் நான் எழுந்துவிட்டேன். கமலி இல்லை, நான். முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டாம் நாள் அவள் பாட்டிலை என் மடியில் கொண்டுவந்து வைத்தாள். மூன்றாம் நாள் பாட்டிலோடு என் மூக்குக் கண்ணாடியையும் சேர்த்து இழுத்தாள். நான்காம் நாள் வாசலைப் பார்க்கவில்லை என்று டீச்சர் சந்தோஷப்பட்டார். நானும் சந்தோஷப்பட்டேன். ஒரு குழந்தை வாசலைப் பார்க்காததற்காக இரண்டு பெரியவர்கள் கேசரி சாப்பிட்டதை அன்று ஆயா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். கேசரியைக் கிளறிக் கொண்டுவந்ததே அவள்தான்.

ஆறாவது நாள், ஒன்பதாவது நிமிடம். கமலி அட்டையை எடுத்தாள். முகர்ந்தாள். கீழே போட்டாள். மறுபடி எடுத்தாள். என் விரித்த கையைப் பார்த்தாள். அட்டையை அதில் வைத்தாள்.

நான் அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"குடுங்க சார், உடனே குடுங்க!" என்று டீச்சர் கிசுகிசுத்தார்.

பாட்டிலைத் திருகினேன். மூடி வரவில்லை. அன்று கேட்காமல் கொடுத்தபோது சுலபமாக வந்த மூடி, கேட்டபோது வரவில்லை. "அய்ய, இப்படிக் குடு நைனா!" என்று ஆயா பிடுங்கி ஒரே திருகில் திறந்தாள். கமலிக்குத் தேன்குழல் கிடைத்தது. அவள் அதைக் கடித்துக்கொண்டே, அரை நொடி இருக்கும், என் முகத்தைப் பார்த்தாள்.

குழந்தையை அழைத்துப்போக வந்த வசந்தா படியில் நின்று இதைப் பார்த்துவிட்டார். புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

5. ஒன்பதரை மணி

மறுநாள் மாதத்தின் கடைசி வேலை நாள். சேஷாத்ரி அரை நாள் லீவில் ஸ்கூட்டரில் வந்தார். வசந்தா பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார், உங்க அபிப்ராயம் என்ன?" என்றார்.

"நான் எழுதினது தப்பு" என்றேன். அந்த மூன்று சொற்களை அதற்கு முன் நான் வேலையில் இருந்தபோது சொன்னதில்லை. சொல்லிப் பார்த்தபோது பெரிய கஷ்டமாக இல்லை. "என் அபிப்ராயத்தைக் கேக்காதீங்க. நீங்களே கமலி எதிர்ல உக்காருங்க."

உட்கார்ந்தார். பேண்ட் கசங்கியது. மூன்றாவது நிமிடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னும் எத்தனை நேரம்?"

"எண்ணாதீங்க" என்றேன். நான்தான் சொன்னேன்.

ஆறாவது நிமிடத்தில் கமலி அட்டையை அவர் கையில் வைத்தாள். அவர் பாட்டிலை ஒழுங்காகத் திறந்தார், என்னைப்போல் அல்ல. கொடுத்தார். அதன் பிறகும் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எங்கிட்ட இவ எதையும் கேட்டதே இல்லை டீச்சர்" என்றார். அட்டையை முக்காலிமேல் வைத்துவிட்டு, "நாளைக்கு ஸ்கூல் எத்தனை மணிக்கு? நானே கொண்டுவிடறேன்" என்றார்.

"ரெண்டு வருஷமா ஒம்பதரைதான்னா" என்றார் வசந்தா.

எல்லோரும் சிரித்தோம். சேஷாத்ரியும்.

6. கை தட்டக் கூடாது

அண்ணாச்சியிடம் போய் நடந்ததைச் சொல்லி, என் ரிமார்க்ஸைக் கோடு போட்டு அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "கொடுத்த விருத அந்த அடையாறு டீச்சர்கிட்ட இருந்து பிடுங்க முடியாது சார்வாள். ஆனா அடுத்த வருசம் தாளை மாத்துங்க. மொதல்ல நானே போய்ப் பாக்கேன்." போனார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சின்ன நாற்காலியில் உட்கார்ந்த பணக்காரரை நான் பார்த்தது அன்றுதான்.

புதிய தாளில் கரும்பலகை இல்லை. மேலே ஒரு வரி சேர்த்தேன்: 'மதிப்பெண் போடுவதற்கு முன், இப்போது எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று ஆசிரியரிடம் கேட்கவும்.' யாரும் இருபது நிமிடத்தில் கிளம்பக் கூடாது, மூன்று நாளாவது உட்கார வேண்டும் என்றும் விதி வைத்தோம். அடுத்த வருடம் ரஹீமா டீச்சருக்கு விருது கிடைத்தது. மூன்று பேரும் தனித்தனியாகப் போட்ட மார்க். நான் போட்டதுதான் மூன்றிலும் குறைவு. கஞ்சத்தனம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

சபா மேடை, மைக் எல்லாம் வேண்டாம், குழந்தைகளுக்குச் சத்தம் ஆகாது என்று டீச்சர் சொல்லிவிட்டதால் விழா அந்த மாடியிலேயே நடந்தது. படியில் மங்கம்மா ஆயா வந்தவர்களை ஒவ்வொருவராக நிறுத்தினாள். "செருப்ப இங்க வுடு. கை தட்டாத. போட்டோ புட்ச்சா லைட் அடிக்காத."

அண்ணாச்சி சால்வையோடு நின்று, "ஆயா, ரெண்டு வார்த்த பேசலாமா?" என்று கேட்டார்.

"மெதுவாப் பேசு நைனா."

அவர் இரண்டே வார்த்தைதான் பேசினார். "நன்றி தாயி." சால்வையைப் போர்த்தினார். யாரும் கை தட்டவில்லை. கமலி தன் போக்கில் ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் கீழே இறங்கிய பிறகு நான் நின்றேன். ரிமார்க்ஸை அடித்திருந்தேன், அண்ணாச்சியிடம் சொல்லியிருந்தேன், சேஷாத்ரியிடம் சொல்லியிருந்தேன். சொல்ல வேண்டியவரிடம் மட்டும் ஒரு வருடமாகச் சொல்லவில்லை. "டீச்சர், அன்னைக்கு நான் உங்களுக்குப் பண்ணினதுக்கு என்னை மன்னிச்சுடுங்க" என்றேன். இன்னொன்றையும் சொன்னேன். "உங்ககிட்டயாவது திரும்பி வந்தேன். இருபத்தெட்டு வருஷத்துல எத்தனை பேருக்கு இப்படி எழுதிட்டுத் திரும்பிப் பாக்காமப் போனேனோ தெரியாது. அவங்க பேர்கூட எனக்கு ஞாபகம் இல்ல."

அது இன்றும் என்னை உறுத்துகிறது. அவர்களில் யாராவது இதைப் படித்தால், அந்த ரிமார்க்ஸை எழுதியவன் வகுப்பைச் சரியாகப் பார்க்கவில்லை என்று தெரிந்துகொள்ளட்டும்.

ரஹீமா டீச்சர் சால்வையை மடித்து அலமாரியில் வைத்தார். அவர் ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"போன மாசத்தோட ரிடையர் ஆயிட்டீங்கல்ல சார்?" என்று கேட்டார்.

"ஆமாம்."

"புதுசா ஒரு பையன் சேர்ந்திருக்கான். என்கிட்டயும் ஆயாகிட்டயும் மட்டும்தான் கேக்கறான். வேற ஆளுங்ககிட்டயும் கேக்கப் பழகணும். செவ்வாய்க்கிழமை வர்றீங்களா? ஒம்பதரைக்கு."

ஒன்பது வருடம் செவ்வாய்க்கிழமைதோறும் போனேன். முழங்கால் ஒத்துழைக்க மறுத்த பிறகுதான் நிறுத்தினேன்.